அரிசி டிரம்முக்குள் ஒரு குவாட்டர்

"இனிமே நீங்க வாங்கிக் குடுக்காதீங்கம்மா." நான் சொன்னது அவ்வளவுதான். குடிக்கிற கணவரை வீட்டில் விட்டுவிட்டு, என்னிடம் ஆலோசனைக்குத் தனியாக வரும் மனைவிகள் எல்லோரிடமும் சொல்கிற வாசகம்.

சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் கை நடுங்குமா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. மூன்றாவதை நான் கேட்கவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது என்பது சாக்கு. முதல் பதிலிலேயே உஷாராகியிருக்க வேண்டும். மூன்று குவாட்டர். ஒரு குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால், மூன்றுக்கு 180.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அவருக்கோ விடியற்காலையிலேயே நடுக்கம். அதனால் அந்த அம்மா முந்தின நாளே ஒரு குவாட்டரை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். காலையில் அதில் பாதி, ஒரு கட்டிங், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கலந்து. "அது உள்ள போனாதான் சார் சட்டை பட்டனே போட முடியும்." சூப்பர்வைசருக்குப் போன் போட்டு 'காய்ச்சல்' என்பது, கடையில் கைமாத்து அடைப்பது ஆகியவற்றோடு இதையும் 'குடிக்குத் துணைபோதல்' என்று எழுதிக்கொண்டேன்.

அந்த அம்மா நான் சொன்னபடி செய்தார். வெளிக்கதவையும் பூட்டினார், அதை நான் சொல்லவில்லை. மறுநாள் இரவு கணவருக்கு வலிப்பு.

தினமும் இந்த அளவு குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல், சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் டயஸிபாம் மாதிரி மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போய், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டு இதைக் கடத்துவார்கள். டம்ளரில் அவர் ஊற்றிக்கொடுத்ததும் ஒருவகையில் அந்த டோஸ்தான்.

அப்படியானால் கொடுத்தது சரியா? அந்தக் கட்டிங் இருந்ததால்தான் அந்த மனிதர் வருஷக்கணக்கில் சிகிச்சைப் பக்கமே வரவில்லை. போனையும் கடனையும் நிறுத்தச் சொன்னதில் தப்பில்லை, இன்றும் சொல்வேன். சரக்கை அந்தப் பட்டியலில் சேர்த்ததுதான் தப்பு. வலிப்பு வந்ததால்தானே வார்டுக்கு வந்தார் என்றும் சில நாள் தோன்றும். அந்த நினைப்பை நான் நம்புவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, கல்லீரல் பரிசோதனை பார்த்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் டைசல்ஃபிராம் 250 மில்லிகிராம் எழுதினார். இதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. குழம்பில் தெரியாமல் கலக்கவே கூடாது. அவர் கண்ணெதிரே மனைவி கொடுக்க வேண்டும், வாங்கிப் போட்டுக்கொண்டு "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்று அவர் சொல்ல வேண்டும், அதோடு பேச்சு முடிய வேண்டும்; பழைய கதையை இழுக்கக் கூடாது.

"தினமும் காலையில நீங்களே குடுங்கம்மா" என்றேன்.

மாத்திரை அட்டையைக் கையில் வாங்காமலே கேட்டார்: "நான் குடுக்கலாமா சார்?"