ஹூஸ்டனில் ஒரு விபத்து வழக்கு: கடைசியில் கைக்கு வந்தது

2017 மார்ச்சில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த டெலிவரி வேன் என் மனைவியின் கார் மீது மோதியது. வலது தோள்பட்டையில் முறிவு, அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி பில் மட்டும் 61,000 டாலர். வேன் தரப்பு இன்சூரன்ஸ் தருவதாகச் சொன்னது 22,000. டெக்சாஸில் காயத்துக்கான வழக்கை 2 வருடத்துக்குள் போட்டாக வேண்டும். 2018 தொடக்கத்தில் போட்டோம்.

லாயர் முன்பணம் எதுவும் கேட்கவில்லை. தாக்கல் செய்வதற்கு முன்பே முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு, தாக்கலுக்குப் பிறகு 40 சதவீதம் என்பது பேச்சு. இந்தியாவில் வக்கீல் இப்படிப் பங்கு பேச பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. இங்கே இதுதான் வழக்கம். கையில் பணமில்லாதவரும் கோர்ட் படியேற முடிவது இதனால்தான், அதை மறுக்க மாட்டேன்.

முதல் அடி, அந்த 61,000. 2003-ல் வந்த சட்டத்தின்படி, மருத்துவச் செலவாக உண்மையில் கட்டிய அல்லது கட்டவேண்டிய தொகையைத்தான் கேட்க முடியும். எங்கள் மருத்துவக் காப்பீடு பேரம் பேசிக் கட்டியது 16,850. ஜூரி முன் வைக்கக்கூடிய பில்லும் அவ்வளவுதான். அடுத்தது, தவறில் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நம் பங்கு 50-ஐத் தாண்டினால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. அதனால்தான் டெபாசிஷனில், அதாவது விசாரணைக்கு முன் கோர்ட்டுக்கு வெளியே சத்தியம் வாங்கிப் பதிவு செய்யும் வாக்குமூலத்தில், எதிர்த்தரப்பு லாயர், "எத்தனை மைல் வேகத்தில் போனீர்கள்?" என்று என் மனைவியிடம் ஆறேழு தடவை மாற்றி மாற்றிக் கேட்டார். வெளியே வந்தபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் நீதிபதியே மாறிவிட்டார். டெக்சாஸில் மாவட்ட நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்கிறார்கள். பதவிக்காலம் 4 வருடம். தேர்தல் செலவுக்கு லாயர்கள் நன்கொடை தருவதும் சட்டப்படியே நடக்கிறது. 2018 நவம்பரில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் நீதிபதித் தேர்தல்களை டெமாக்ரட்டுகள் மொத்தமாக வென்றார்கள். ஒரே ஓட்டில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களையும் தேர்ந்தெடுக்கும் வசதி அப்போது இருந்தது. 2020 தேர்தலில்தான் எடுத்தார்கள். நாங்களும் அப்படித்தான் ஓட்டுப் போட்டோம். எங்கள் வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த நீதிபதியின் பெயர் அதே வாக்குச்சீட்டில் இருந்ததைக் கவனிக்கவேயில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

புதியவர் ஜனவரியில் வந்தார். பிப்ரவரி விசாரணைத் தேதி எட்டு மாதம் தள்ளிப்போனது. எலும்பு டாக்டரிடம் மறுபடி அறிக்கை வாங்க வேண்டியிருந்தது, அதற்குத் தனிக் கட்டணம். புதியவர் எந்தச் சாட்சியத்தை ஏற்பார், எதைத் தள்ளுவார் என்று இரு தரப்பும் புதிதாகக் கணக்குப் போட்டன. நடுவர் ஒருவர் வைத்துப் பேசும் சமரசப் பேச்சு, அதாவது மீடியேஷன் அன்று நாங்கள் ஓர் அறை, அவர்கள் ஓர் அறை. மீடியேட்டர் சிறு காகிதத்தில் எண் எழுதி எடுத்துக்கொண்டு நடந்தபடியே இருந்தார். காலையில் 40,000. மாலை ஆறு மணிக்கு 95,000. காயம் அதே காயம்தான். "போன வருஷம் இந்த நம்பர் வந்திருக்காது" என்றார் எங்கள் லாயர்.

இரண்டு வாரம் கழித்து வந்த கணக்குத் தாள் இது. லாயருக்கு 38,000. வழக்குச் செலவு 9,320: டாக்டர், டெபாசிஷன் பிரதி, மீடியேட்டர், கோர்ட் கட்டணம். மருத்துவக் காப்பீடு திரும்பக் கேட்டது 16,850. எங்களுக்கு 30,830.

கையெழுத்துப் போடும் முன் லாயரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சதவீதம் மொத்தத் தொகைக்கா, செலவு கழித்த பிறகா? எங்களுக்கு மொத்தத்துக்கு, அந்த ஒரு வரியில் போனது 3,728 டாலர். இன்னொன்று, வழக்கு விழுந்திருக்கும் கோர்ட்டின் நீதிபதி அடுத்து எந்த நவம்பரில் தேர்தலுக்கு நிற்கிறார்?