மாசி மாதத்தில் நனைந்த கூளம்

மழை ஒரு சொட்டு இல்லை. உடுமலைப் பக்கம் மாசி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. என் கோழிக் கொட்டகைக்குள் மட்டும், தரையில் பரப்பிய தென்னை நார்த்தூள் கூளம் சொதசொதவென்று கிடந்தது. 400 நாட்டுக்கோழி. எச்சத்தில் வழக்கமான வெள்ளைப் பொட்டு இருந்தது, ஆனால் அதைச் சுற்றி ரூபாய்க் காசு அகலத்துக்குத் தண்ணீர். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் ஒழுக்கு எதுவும் இல்லை. கழிச்சல்தான் என்று மருந்து வாங்கக் கிளம்பிவிட்டேன்.

நல்லவேளை, கால்நடை டாக்டரம்மா வந்தார். ஒரு கைப்பிடி நார்த்தூளை அள்ளி அழுத்தி விரலை விரித்தார். பிடிகொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. நல்ல கூளமாக இருந்தால் உதிர்ந்திருக்க வேண்டும்.

"தீவனத்துல உப்பு எவ்வளவு போடறீங்க?"

"100 கிலோவுக்கு 300 கிராம்தானுங்க."

"கருவாட்டுத் தூளு?"

"அதும் போடறனுங்க."

சிரித்துவிட்டார். புரதத்துக்காக நான் சேர்த்த கருவாட்டிலேயே உப்பு இருப்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். கோழிக்கு மூத்திரப் பை கிடையாது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் நீர், எச்சமும் சிறுநீரும் வந்து சேரும் பின்வாய் அறையிலிருந்து திரும்பப் பெருங்குடலுக்கே ஏறுகிறது. அங்கே குடல் சுவரின் செல்களில், உப்பிலுள்ள சோடியம் நுழைய ஒரு புரத வாசல் உண்டு. செல்லின் மறுபக்கம் இன்னொரு புரதம், பம்ப் போல, 3 சோடியத்தை ரத்தப் பக்கம் தள்ளிவிட்டு 2 பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. சோடியம் போன வழியில் தண்ணீரும் போகும். உடம்பில் உப்பு குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி, குடலின் கடைசிப் பகுதியில் இந்த வாசல்கள் பெருகும். உப்பு மிஞ்சினால் அவை மறைந்துவிடும். கோழி தாகத்தில் நிறையக் குடித்து, உப்பையும் தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளும். என் கோழிகளுக்கு நோயே இல்லை. கருவாட்டைக் கொட்டியவனுக்குத்தான் கோளாறு.

அன்று இரவு இதையே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்வீடனில் கோதன்பர்க்கில் ஸ்டெஃபான் லாங்கே, இவார் லோன்ராத் என்ற இருவர், குடலுக்குள் நீர் அளவுக்கு மீறிச் சுரப்பதை அடக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காலரா நச்சு ஏற்றிய எலிக் குடலில்தான் அதைச் சோதித்தார்கள். பக்குவப்படுத்திய முளைதானியம் தின்றால் உடம்பு இதை அதிகமாகச் செய்கிறதாம். கோழிகளுக்குத் தனித் தீவனம் கொடுத்து, அந்தப் புரதம் செறிந்த முட்டை இடவைத்து, மஞ்சள் கருவைப் பொடியாக்கி மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். எங்கேயோ ஒரு கோழியின் முட்டை மனிதர் வயிற்றுப்போக்குக்கு ஆகிறது, என் கோழி கொட்டகையை நனைக்கிறது!

மறுநாள் போன் போட்டு, "முளைகட்டின கம்பு போட்டுப் பாக்கட்டுங்களா?" என்றேன்.

"மொதல்ல கருவாட்ட நிறுத்துங்க."

நிறுத்தினேன். கூளத்தைத் தினமும் கிளறிவிட்டேன். ஐந்தாம் நாள் அள்ளிப் பிடித்தேன், உதிர்ந்தது. தண்ணீர்க் குழாய் ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் கட்டி இருக்கிறது.