அரை டாலர் வேட்டை: மூன்று பெட்டி முடிந்தது

பேங்கில் 500 டாலர் கட்டி ஒரு பெட்டி அரை டாலர் கேட்டால், கவுண்ட்டரில் இருப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே அமெரிக்காவில் கடைக்குப் போகிற யாரும் அந்தக் காசை நீட்டுவதில்லை. 1964-இல் கென்னடி முகத்தோடு வந்தபோதே ஞாபகார்த்தமாக ஆளாளுக்கு எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்கள். எனக்கு அது வசதிதான். புழங்காத காசுக்குள்தானே வெள்ளி கலந்த பழசு தங்கியிருக்கும்?

பெட்டிக்கு 50 ரோல், ரோலுக்கு 20 காசு. 1964 வரை அடித்ததில் 90 சதவீதம் வெள்ளி, 1965 முதல் 1970 வரை 40. பிறகு புழக்கத்துக்கு வந்ததெல்லாம் செம்பும் நிக்கலும்தான். முதல் பெட்டியில் ஆயிரம் காசுக்கும் வருஷம் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணி ஆயிற்று. வெள்ளி ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது பெட்டியில் புத்தி வந்தது. ரோலைப் பிரித்து வரிசையாகப் படுக்க வைத்து விளிம்பை மட்டும் பார்த்தால் போதும். சாதாரணக் காசில் செம்புக்கோடு பளிச்சென்று ஓடும். 90 சதவீதத்தில் கோடே இருக்காது. நம்மை ஏமாற்றுவது 40 சதவீதம்தான். செம்பு இருக்கிற மாதிரியும் தெரியும், இல்லாத மாதிரியும் தெரியும். அதை மட்டும் திருப்பி வருஷம் பார்க்க வேண்டும். தராசை நம்ப வேண்டாம்: 40 சதவீதக் காசு 11.5 கிராம், சாதாரணக் காசு 11.34. சமையலறைத் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு 1967 ஒன்றும் 1968 ஒன்றும் கிடைத்தன.

மூன்றாவது பெட்டியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம் போட்ட அரை டாலர் ஒன்று, 1952. பின்பக்கம் விரிசல் விட்ட சுதந்திர மணி, அதன் ஓரத்தில் குருவி அளவுக்கு ஒரு கழுகு. கழுகு இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால் ஒப்புக்கு வைத்தது. காசு கறுத்துக் கிடந்தது. வெள்ளிச் சாமான் கறுத்தால் அம்மா என்ன செய்வார்? விபூதி. நானும் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

நாணயக் கடைக்காரர் விளக்கடியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்?” என்றார். மணியின் அடியில் ஓடும் மெல்லிய கோடுகள் முறியாமல் இருக்கிறதாம். அதற்கே தனி விலை உண்டாம். ஆனால் மேலெல்லாம் முடி மாதிரிக் கீறல். இனி வெள்ளி விலைதான் என்றார்.

விற்காமல் எடுத்து வந்துவிட்டேன். நான்காவது பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். 1947 வரை அடித்த, நடக்கும் சுதந்திரதேவி உருவம் போட்ட அரை டாலர் ஒன்றாவது வர வேண்டும். கறுத்தே வரட்டும்.