ஆய்வுப் பணம் எதற்குப் போகலாம்? நோயாளியாக உட்கார்ந்து மதிப்பிட்ட அனுபவம்

லண்டனில் வசிக்கிறேன். பல வருடங்களாக எனக்குப் புழுவெட்டு (அலோபீசியா ஏரியாட்டா). முதலில் வட்டவட்டமாக உதிர்ந்தது, அப்புறம் தலை முழுவதும், கடைசியில் புருவமும் இமைமுடியும் போயின. முடி உதிர்வு நோய்களுக்கான ஒரு தொண்டு நிறுவனம், ஆய்வுக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிட நோயாளிகளைத் தேடியபோது பெயர் கொடுத்தேன். அறிவியல் பட்டம் வேண்டாம், நோயோடு வாழ்ந்திருந்தால் போதும் என்றார்கள்.

ரகசியம் காப்பேன், விண்ணப்பிப்பவர்களோடு எனக்குத் தொடர்பில்லை என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு சிறிய பயிற்சி. ஆய்வுமுறை சரியா என்பதை வெளி நிபுணர்கள் பார்க்கிறார்கள். விடை கிடைத்தால் எங்களுக்கு என்ன பயன், ஆய்வில் சேருபவர்களை அளவுக்கு மீறிச் சிரமப்படுத்துகிறார்களா என்பதை நாங்கள் பார்க்கிறோம்.

நான் பக்கம் பக்கமாக எழுதியது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான். சில ஆய்வுகளில் சேர, ஏற்கெனவே எடுக்கும் மருந்தைச் சில வாரங்களோ மாதங்களோ நிறுத்த வேண்டும். விண்ணப்பத்தில் அது ஒரே வரி. அரும்பாடுபட்டு முளைத்த முடி மறுபடி கொட்டலாம் என்பது அந்த வரியில் இருக்காது. தலையைப் படம் எடுப்பார்கள் என்றால், விக்கைக் கழற்றத் தனி அறை உண்டா என்று கேட்பேன். அளவீடும் அப்படித்தான். சால்ட் என்ற மதிப்பெண், தலையில் எத்தனை சதவீதம் முடி இல்லை என்பதை மட்டும் சொல்லும். புருவமும் இமையும் அதில் சேராது. இமைமுடி இல்லாமல் தூசியும், புருவம் இல்லாமல் வியர்வையும் கண்ணில் இறங்குவது எனக்குத் தலைமுடியைவிடப் பெரிய தொல்லை. அவற்றுக்குத் தனி அளவீடு இல்லாத விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிடுவேன்.

கூட்டத்தில் நோயாளிகளை முதலில் பேச வைத்தார்கள். மிக நல்ல வழக்கம். பேராசிரியர் ஒருவர் பேசி முடித்துவிட்டால், மறுத்துச் சொல்ல எங்களில் பலருக்கு வாய் வராது.

கொடுக்கும் தொகை பெரிதல்ல, முன்னோட்ட ஆய்வுகளுக்குத்தான் போதும். ஆனால் அந்த முடிவுகளைக் காட்டித்தான் பெரிய நிதி கேட்க முடியும். நோயாளிகள் திரண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்குள்ள தேசிய அலோபீசியா ஏரியாட்டா அறக்கட்டளையின் பதிவேட்டில் சேர்ந்து பலர் ரத்தம் கொடுத்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவுக்கும் இதே நோய் உண்டு. அவர் குழு அந்த மாதிரிகளைக் கொண்டு, 1,054 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. 2014இல் அதே குழு, ஜாக் என்ற நொதிகளைத் தடுக்கும் மருந்துகளால் முடி முளைப்பதைக் காட்டியது. 2022இல் அமெரிக்கா அந்த வகை மருந்தான பாரிசிட்டினிபைக் கடுமையான புழுவெட்டுக்கு அனுமதித்தது. 2024இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் கடுமையான புழுவெட்டுக்கு, அதே வகையைச் சேர்ந்த ரிட்லெசிட்டினிப் பரிந்துரைக்கப்பட்டது.

தழும்பு விழும் வகை முடி உதிர்வுகளுக்கு இந்த நல்ல காலம் இன்னும் வரவில்லை. அதில் முடியின் வேர்ப்பையே அழிந்துவிடுகிறது. போன முடி திரும்பாது. எங்கள் குழுவில் அந்த நோய் உள்ளவர்கள் மிகக் குறைவு, அவர்கள் சார்பில் என்னால் பேச முடியவில்லை. பிரிட்டனில் இருக்கும் தமிழர்களில் யாருக்காவது அது இருந்தால், தயவுசெய்து இதுபோன்ற குழுக்களுக்குப் பெயர் கொடுங்கள். விண்ணப்பங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், கூட்டத்துக்குப் போய்வரும் செலவையும் எங்களுக்குத் தந்துவிடுகிறார்கள்.