அமைதியாக இருப்பவர்களைப் பேச விடுகிறோமா?

"மீட்டிங்கில் இன்னும் கொஞ்சம் பேசுங்கள்." அமைதியானவர்கள் வேலையில் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. பாதிதான் சரி என்பேன்.

யோசித்துப் பேசுகிறவர் சொல்ல வந்ததை மனசுக்குள் கோத்து, மைக்கை அன்மியூட் செய்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவியிருக்கும். அப்புறம் எங்கே சொல்வது? 1987இல் டீல், ஸ்ட்ரோப் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கூடிப் பேசிய குழுவைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்து அதிக யோசனைகள் வந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருந்ததுதான் முக்கியக் காரணம். அப்படியானால் கோளாறு அமைதியில் இல்லை, கூட்டம் நடத்தும் விதத்தில் இருக்கிறது.

ஆனால் தவறு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வாய் திறந்தே ஆகவேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதேசமயம், பேசினால் மட்டும் போதுமா? 1986இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தின இரவு, ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எதிர்த்தார்கள். அவர்களுடைய நிர்வாகமே அதை ஒதுக்கிவிட்டது. மறுநாள் விண்கலம் வானிலேயே சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

கூட்டம் நடத்துகிறவர்களே, பேசப்போகும் விஷயத்தை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். எழுத்திலும் கருத்துச் சொல்ல வழி வையுங்கள். அமைதியான நண்பர்களே, சொல்ல வேண்டியதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு, தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நேரம் ஆக ஆக இடம் கிடைப்பது கஷ்டம்.