சண்டை போட ஆளில்லாத புத்தகக் கண்காட்சி

உட்காரச் சொன்னார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். கழுத்தில் தொங்கிய அட்டையில் என் பெயரும் அதற்குக் கீழே மீடியா என்றும் அச்சடித்திருந்தது. படித்த புத்தகத்தைப் பற்றி வலைப்பூவில் நாலு பத்தி எழுதுகிறவன் கோலாலம்பூர் புத்தகக் கண்காட்சியில் மீடியா ஆகிவிடலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதிப்பகத்துப் பெண் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டி, என் வலைப்பூவை மாதம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி நடக்கிற நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் என்னை யாரும் இப்படி நடத்தியதில்லை. அங்கே ஒரு பதிப்பாளர் என்னைப் பார்த்ததும், "ஓ, நீங்கதானா அது?" என்றார். அப்புறம், அவர் போட்ட நாவல் எனக்கு ஏன் புரியவில்லை என்பதைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கால் மணி நேரம் விளக்கினார். நின்றுகொண்டேதான். சென்னையில் யார் உட்கார்ந்தார்கள், உட்கார எங்கே இடம்? கடைசியில் அவரே ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த புத்தகத்தையும் கையில் திணித்து, "இதையும் திட்டி எழுதுங்க" என்று அனுப்பினார்.

கோலாலம்பூர் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி 1981இல் தொடங்கியது. நடப்பது உலக வணிக மையத்தில். முன்னால் அது புத்ரா உலக வணிக மையம், பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் ரயில் நிலையத்தில் தொடங்கி எல்லார் வாயிலும் இன்னும் பிடபிள்யூடிசிதான். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற எனக்கு மஸ்ஜித் ஜாமேக்கில் ரயில் மாறினால் மூன்றாவது நிறுத்தம். இதெல்லாம் இப்போது எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயில் சீனி குறைக்கச் சொல்ல வரும், நாலு மணி மழைக்கு முன்னால் துணியை எடுத்து உள்ளே போட வரும், பசியாறிட்டீங்களா என்று யாராவது கேட்டால் காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். ஊர் பழகிவிட்டது. அப்படித்தான் வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே நுழையக் காசு கிடையாது. விமானப் பயணத்துக்கான சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், திரும்பும்போது அந்தப் பெட்டி நிறையப் புத்தகம். தரைவிரிப்பில் குப்புறப் படுத்துக் காமிக்ஸ் படிக்கிற பிள்ளைகளை யாரும் எழுப்பி விரட்டுவதில்லை. ஒரு கடை முன்னால் முக்காடு அணிந்த பள்ளிக்கூடப் பெண்கள் வளைந்து வளைந்து வரிசையில் நின்றார்கள், ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், மலாய்க் காதல் நாவல் எழுதுகிற ஒரு இளம்பெண் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் வருமான வரியில்கூட வாழ்க்கைமுறை என்ற பெயரில் வருடத்துக்கு 2,500 வெள்ளி, அதாவது ரிங்கிட், வரை ஒரு கழிவு உண்டு, புத்தகம் வாங்கிய ரசீதும் அதில் செல்லும். (கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500க்குள்தான். போன் மாற்றுகிற வருடத்தில் புத்தகத்துக்கு எங்கே இடம் என்று அலுவலகத்து நண்பர் சிரித்தார்.) நமக்குச் சென்னைக் கண்காட்சியில் தருகிற அந்தப் பத்து சதவீதத் தள்ளுபடியோடு சரி. யுனெஸ்கோ 2020க்கான உலகப் புத்தகத் தலைநகராக இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த வருடம் பார்த்துத்தான் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது, பாவம்.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்டால், சண்டை போட ஆளில்லை. அதுதான் குறை. சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அன்று முழுக்க அதுதான் என்னைக் குடைந்தது.

ஒரு பக்கம் டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 1956 முதல் மலாய் மொழியைக் கட்டிக்காத்து அகராதி போடுகிற அரசு நிறுவனம். இன்னொரு பக்கம் ஃபிக்ஸி, அமீர் முகமது என்ற திரைப்பட இயக்குநர் 2011இல் தொடங்கிய பதிப்பகம். நகரத்துக் குற்றக்கதை, திகில்கதை, அதிலே தெருவில் பேசுகிற மலாய், நடுவே ஆங்கிலம், எல்லாவற்றையும் அப்படியே அச்சில் ஏற்றியவர்கள். மொழியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இரண்டு பதில் ஒரே கூரையின் கீழே கடை போட்டிருக்கிறது. இதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு பரபரத்தது. வட்டார வழக்கில் முழு நாவலும் எழுதலாமா, உரையாடலோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்று நானும் திருச்சிக்கார நண்பன் ஒருவனும் ஒரு பொங்கல் விடுமுறை முழுக்கக் கத்தியிருக்கிறோம். 1977இல் பபாசி என்கிற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் ஆரம்பித்த சென்னைக் கண்காட்சி எத்தனை இடம் மாறியிருந்தாலும் இந்தச் சண்டைகள் மட்டும் கூடவே இடம் மாறி வந்திருக்கின்றன என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பலகை போட்ட நடைபாதை கால் வைக்கும் இடமெல்லாம் முனகும், ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பேச்சாளர் வள்ளுவரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பார், மூக்கெல்லாம் தூசி, கையில் பேப்பர் தட்டில் பஜ்ஜி, அதற்கு நடுவே அவன் என்னைப் பார்த்து "உனக்கு இலக்கியமே தெரியாதுடா" என்பான். சுற்றி நாலு பேர் கூடுவார்கள். அவர்களில் ஒருவர் அந்த நாவலை எழுதியவராகவே இருப்பார்.

இங்கே ஃபிக்ஸி கடையில் நின்ற பையனிடம் மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன். தெருப்பேச்சு மலாயில் எழுதினால் பெரியவர்கள் கோபப்படுவதில்லையா என்றேன். அவன் அழகாகச் சிரித்து, இந்த மூன்றையும் சேர்த்து வாங்கினால் விலை குறைவு என்றான். வாங்கிக்கொண்டேன், என்ன செய்வது.

அப்புறம் பதிப்புரிமை பேசுகிற இடத்துக்குப் போனேன். சின்னச் சின்ன மேசை, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பேர், நடுவில் ஒரு அட்டவணை, நேரம் முடிந்ததும் எழுந்து அடுத்த மேசை. புத்தகத்தை யாரும் புரட்டுவதுகூட இல்லை, சுருக்கத்தைப் படித்துவிட்டு எந்தெந்த மொழிக்கு உரிமை மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்திருந்த ஒருவர் என்னிடம் நல்ல தமிழ் நாவல் ஒன்று சொல்லச் சொன்னார். எனக்குப் பிடித்ததைச் சொல்லி, கதையையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தேன். உற்சாகமாகிவிட்டார். எழுத்தாளரின் ஏஜென்ட் யார் என்றார். எங்கள் ஊரில் ஏஜென்ட் என்றால் எல்ஐசிக்காரர் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டு, எழுத்தாளருக்கே நேராகப் போன் செய்யலாம், காலையில் எடுக்க மாட்டார், சாயங்காலம் எடுப்பார் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இத்தனைக்கும் தமிழ்நாடு அரசு 2023 முதல் சென்னையிலேயே பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடத்துகிறது, மொழிபெயர்ப்புக்கு நல்கையும் தருகிறது. காரியம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மேசையில் அன்றைக்குத் தமிழுக்காக உட்கார்ந்திருந்தது நான் ஒருவன், அதுவும் யாரும் அனுப்பாமல்.

தமிழ்ப் புத்தகம் எங்கே என்று தேடி மாடி மாடியாக ஏறி இறங்கியதில் கால் வலித்தது. கடைசியில் கிடைத்த அலமாரியில் முக்கால்வாசி தமிழ்ப்பள்ளிப் பயிற்சி நூல்கள். 1816இலேயே பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு நடந்த நாடு, இன்றைக்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கிற நாடு, அதனால் பயிற்சி நூல் விற்பதில் ஆச்சரியம் இல்லை. மிச்சக் கால்வாசியில் சமையல், ஜோதிடம், சென்னையிலிருந்து வந்த நாவல்கள். நம் ஊரில் 350 ரூபாய் போட்டிருந்த ஒன்றில் 38 வெள்ளி என்று ஒட்டியிருந்தார்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு. கப்பல் கூலி, கடை வாடகை, எல்லாம் நியாயம்தான். அதனால்தான் எங்கள் வீட்டில் யாராவது வருகிறார்கள் என்றால் பெட்டியின் எடைக்காகப் போர் நடக்கும். நான் புத்தகப் பட்டியல் அனுப்புவேன், அம்மா சாம்பார் பொடிக்கும் வடகத்துக்கும் இடம் பிடிப்பார். "அங்க புத்தகம் கிடைக்காதா, இல்ல பொடி கிடைக்காதா, ஒண்ணைச் சொல்லு" என்பார் அப்பா. இரண்டுமே கிடைக்கும் அப்பா, இங்கே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கிடைக்காதது எதுவுமில்லை.

அந்த அலமாரிக்கு முன்னால்தான் அந்த ஐயாவைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். என் கழுத்து அட்டையைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"தம்பி தமிழ்நாடா? என்ன எழுதுறீங்க?"

"புத்தகங்களைப் பத்தி எழுதுறேன் ஐயா."

"யார் புத்தகம்? உங்க புத்தகமா, எங்க புத்தகமா?"

குரலில் சூடு இருந்தது. ஆகா என்று நிமிர்ந்தேன்.

அவருடைய சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து நூலகத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்று வந்தால் அட்டை கிழிகிற வரைக்கும் கை மாறுமாம். 1966இல் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியபோது அப்பா இவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், கூட்டத்தைத் தவிர வேறொன்றும் நினைவில்லை என்றார். "நீங்க எழுதினதை எல்லாம் நாங்க இரட்டை விலை கொடுத்து வாங்கிப் படிச்சோம் தம்பி. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் போடப் போய்த் திரும்பாதவங்களைப் பத்தி, தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்போ நடுத்தெருவுக்கு வந்தவங்களைப் பத்தி எங்க ஆளுங்க எழுதினாங்களே, அதை நீங்க யாராவது படிச்சீங்களா? உங்களுக்கு நாங்க மாநாட்டுக்குக் கூட்டம் சேர்க்கிற ஆளுங்க லா."

நான் விடவில்லை. சென்னையில் எந்தக் கடையில் விற்கிறது சொல்லுங்கள் என்றேன். ஒன்றிரண்டு பதிப்பகம் போட்டிருக்கிறது, மற்றதெல்லாம் இங்கே ஒரு மண்டபத்தில் வெளியாகி அந்த மண்டபத்திலேயே தீர்ந்துபோகிறது, பிறகு அங்கே இருக்கிறவன் எப்படிப் படிப்பான் என்றேன். அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மண்டபத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

இங்கே தமிழில் எழுதுகிறவர் பெரும்பாலும் தன் கைக்காசில் அச்சடிக்கிறார். அச்சானதும் மண்டபம் பிடித்து வெளியீடு. முதல் நூலை டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரோ, ஒரு தொழிலதிபரோ பெற்றுக்கொள்வார், அந்த உறையில் கனமாக இருக்கும். பிறகு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக மேடையேறி, உறையைக் கொடுத்து, நூலை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். சாப்பாடு உண்டு. கல்யாண மொய்தான் இது, எழுதி வைக்கிற நோட்டு மட்டும் இல்லை. அச்சுச் செலவு அன்றைக்கே திரும்பிவிடும், எழுத்தாளர் அடுத்த புத்தகத்தைப் பற்றி யோசிக்கலாம். கடை இல்லை, விநியோகம் இல்லை, ஏஜென்ட் சத்தியமாக இல்லை. வாங்கியவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள் என்று கேட்டேன். "உங்க ஊர்ல கண்காட்சியில வாங்கினதை எல்லாம் நீங்க படிச்சிட்டீங்களா?" என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அங்கேயே நின்றபடி நிறையப் பேசினோம். அவர் சொன்னதில் பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. மண்டபத்து முறை எழுத்தாளரைக் காப்பாற்றுகிறது, புத்தகத்தைக் காப்பாற்றவில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவர் கேட்டால் மறுபடி சண்டைக்கு வருவார், வரட்டும். ஆனாலும் திருச்சிக்காரனோடு போட்ட சண்டை வேறு மாதிரி. அது யாருடைய புத்தகம் என்ற சண்டை இல்லை, புத்தகம் எப்படி என்ற சண்டை. ஐயாவும் நானும் ஒரே நாவலைப் படித்துவிட்டு முட்டிக்கொள்ளும் நிலைக்கு இன்னும் வரவில்லை. அதற்குத்தான் அவர் வாட்ஸ்அப்பில் எனக்குப் படிக்க வேண்டிய பட்டியல் அனுப்பியிருக்கிறார், நீளமானது. கூடவே அவருடைய பழைய மாணவர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டுக்கு அழைப்பிதழும் வந்திருக்கிறது, கிள்ளானில், ஞாயிற்றுக்கிழமை.

போகிறேன். உறையில் ஐம்பது வெள்ளி வைத்தால் போதுமா, நூறு வைக்க வேண்டுமா, இங்கேயே வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஐயாவிடம் கேட்டேன், "உங்க ஊடக மரியாதைக்கு ஏத்த மாதிரி" என்று பதில் அனுப்பியிருக்கிறார்.