கலவை மிஷின் ரோட்ல போறப்ப

தளம் போட்டு முடிச்சு இருட்டினப்புறம்தான் பெரும்பாலும் கான்கிரீட் கலவை மிஷின் கிளம்பும், மினி லாரி பின்னாடி கொக்கில மாட்டி இழுத்துட்டு போவாங்க, அதுல பிரேக்கும் இருக்காது லைட்டும் இருக்காது, போதாததுக்கு முன்னாடி வண்டியோட டெயில் லைட்டயும் டிரம்மு மறைச்சிடும், பைக்ல வர்றவனுக்கு கிட்ட வந்தாதான் தெரியும். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்ன பெரிய செலவா, பின்னாடி ஒட்டி விடுங்கப்பா. கொக்கில மாட்டுற பின்னு (pin) கழண்டு வராம இருக்க லாக் கிளிப் கண்டிப்பா வேணும், கூடவே ஒரு சங்கிலி, பின்னு கழண்டாலும் மிஷின் தனியா ஓடிடாது. வெறும் கயித்துல மட்டும் இழுக்காதீங்க, முன்னாடி பிரேக் அடிச்சா நேரா வந்து முட்டும். பிரேக்டவுன் ஆன வண்டிய இழுக்கவே 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைல மணிக்கு 25 கிமீ வேகம்தான், நடுவுல 5 மீட்டருக்கு மேல இடைவெளி கூடாது. இவங்க பைபாஸ்ல 60ல போறாங்க, இதுல டிரம்மு பக்கத்துல ஆள வேற தொத்த வச்சு கூட்டிட்டு போற மேஸ்திரிங்கள என்னத்த சொல்ல!